நாடு கடன்பட்டது என்னால்தான் என்று நான் பேசிய பின்னேரம்

இராமநாதபுரம் பஸ் நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலில் ஆட்கள் வரிசையில் நிற்பதைக் கண்டேன். கண்டதும் போய்க் கடைசி ஆளுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். எதற்கான வரிசை என்று கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. ஊரில் நெருக்கடி வந்த வருடம் எங்கள் எல்லோருக்கும் பழகிப்போன வழக்கம் அது. முதலில் இடம் பிடிக்க வேண்டும். என்ன கொடுக்கிறார்கள் என்று முன்னால் நிற்பவரிடம் பிறகு கேட்டுக்கொள்ளலாம். மண்ணெண்ணெயாக இருக்கலாம், சமையல் எரிவாயுவாக இருக்கலாம், பால்மாவாக இருக்கலாம். எதுவானாலும் வீட்டுக்கு வேண்டியதுதான். மகளின் காலுக்குச் சப்பாத்து வாங்க வந்தவள், வெயிலில் வெகுநேரம் நின்று ஒருவழியாக மேசைக்கு முன்னால் போய்ச் சேர்ந்தேன். வெள்ளை மேலங்கி போட்ட ஒரு பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னம்மா பிரச்சினை?"

"ஒரு பிரச்சினையும் இல்லை, பிள்ளை."

"அப்பறம் ஏம்மா வந்தீங்க? இது முகாம்மா."

"நானும் முகாம்தான்," என்றேன். "மண்டபம் முகாம்."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். அவள் சொன்னது இலவசக் கண் பரிசோதனை முகாம். நான் சொன்னது மண்டபம் என்ற ஊரில் நான் குடியிருக்கும் அகதி முகாம். ஒரே சொல்லை இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் இழுபட்டோம். பின்னால் நின்ற ஒருவர் விளக்கம் சொன்னதும் அவள் சிரித்துவிட்டாள். "வந்தது வந்துட்டீங்க, இந்த எழுத்தை வாசிங்க," என்று சுவரைக் காட்டினாள். கடைசி இரண்டு வரிகள் எனக்குத் தெரியவில்லை. ஆக, ஒன்றுமில்லாமல் நின்ற வரிசையில் எனக்கு ஒரு கண்ணாடி கிடைத்தது.

நான் மன்னார்த்தீவில் பேசாலையைச் சேர்ந்தவள். பெயர் மெற்றில்டா. கனடாவுக்கும் ஜேர்மனிக்கும் போன எங்கள் சனம் பனியைப் பற்றியும் பாதாள ரயிலைப் பற்றியும் எழுதுவதை வாசித்திருக்கிறேன். என்னுடைய புலப்பெயர்வு அந்த அளவுக்குப் பெரியது அல்ல. நான் வந்தது எதிர்க்கரைக்கு. இங்கே பேசுவதும் தமிழ், மாதா கோயிலில் சொல்வதும் அதே செபம், தின்பதும் அதே மீன். ஆகவே இங்கே எல்லாம் உடனே பிடிபட்டுவிடும் என்று நினைத்துத்தான் வந்தோம். வந்த மூன்றாம் நாளே அந்த நினைப்புப் போய்விட்டது. என் கணவர் அன்ரனை எல்லோரும் அந்தோணி என்றார்கள். கடையில் போய்ப் பாண் கேட்டேன். கடைக்காரர் பான்பராக்கா என்று கேட்டார். பிரெட், ரொட்டி என்றுதான் கேட்க வேண்டுமாம். எங்களுக்கு ரொட்டி என்றால் வேறு பண்டம்.

ஊரில் நான் கூட்டுறவுச் சங்கக் கடையில் விற்பனையாளராக இருந்தவள். அன்ரனுக்குச் சொந்தமாக ஒரு சின்ன வள்ளமும் மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரமும் இருந்தன. ஒரே மகள் டிலக்சி. நெருக்கடி எங்கள் வீட்டுக்குள் வந்தது கடை அலுமாரி வழியாகத்தான். முதலில் பால்மாத் தட்டு வெறுமையானது. பிறகு சீனி, பருப்பு, சவர்க்காரம். கொழும்பில் டொலர் முடிந்துவிட்டது, கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நிற்கிறது, காசு கட்டினால்தான் இறக்குவார்கள் என்று வானொலியில் சொன்னார்கள். எனக்கு அதுவரை டொலர் என்றால் வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்புவது. எங்கள் ஊர்ப் பருப்புக்கும் டொலருக்கும் சம்பந்தம் இருக்கிறது என்பதை வெறும் அலுமாரியைப் பார்த்துத்தான் படித்தேன். பிறகு மண்ணெண்ணெய் நின்றது. அன்ரனின் வள்ளம் கரையில் ஏறியது ஏறியதுதான். காற்றும் நன்றாயிருந்து, மீனும் கிடைக்கும் காலத்தில், ஒரு கடற்காரன் மணலில் குந்தியிருந்து கடலைப் பார்ப்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மகளின் பள்ளிக்கூடத்தில் கடதாசி இல்லை என்று சோதனையைத் தள்ளிவைத்த கிழமைதான் அவர், "வெளிக்கிடுவம்" என்றார்.

அந்தச் சொல்லால் எனக்கு இங்கே நேர்ந்த அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். மண்டபத்தில் ஒரு நண்டுக் கம்பெனியில் வேலை கிடைத்தது. அவித்த நண்டின் சதையை ஓட்டிலிருந்து பிசிறில்லாமல் எடுத்து டின்னில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். என் பக்கத்து இருக்கை ஜெபமேரிக்கு. தங்கச்சிமடத்திலிருந்து பாம்பன் பாலம் தாண்டித் தினமும் பஸ்ஸில் வருபவள். என்னைவிடச் சில வயது இளையவள், வாய் ஓயாதவள். முதல் கிழமை ஒரு நாள் வேலை முடியும் நேரத்தில் அவளிடம் மரியாதையாகக் கேட்டேன்: "வெளிக்கிட்டாச்சோ?" புறப்பட ஆயத்தமா என்று கேட்டேன். அவள் கையிலிருந்த நண்டை வைத்துவிட்டாள்.

"என்னக்கா கேக்குற?"

"வெளிக்கிட்டாச்சோ எண்டு கேட்டன்."

"அதையெல்லாமா பொம்பளைக்குப் பொம்பளை நடுக் கம்பெனியில வச்சுக் கேப்பாக?" என்றாள். மேசை முழுக்கச் சிரித்தது. இங்கே 'வெளிக்கு' என்றால் கொல்லைக்குப் போவது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அந்தச் சிரிப்பிலிருந்து நானும் ஜெபமேரியும் சிநேகிதமானோம். ஆனால் ஒரு விசயத்தை நான் அவளிடம் கதைக்காமலே இருந்தேன். அவள் புருசன் சேசுராஜ், எல்லை தாண்டி மீன் பிடித்ததாக எங்கள் நாட்டு நேவியிடம் பிடிபட்டுச் சில மாதம் சிறையில் கிடந்தவர். ஆளை விட்டார்கள், விசைப்படகை விடவில்லை. மறுபக்கம், ஊரில் எங்கள் வலைகளை இரவோடு இரவாக அறுத்துக்கொண்டு போனவை இந்தக் கரையிலிருந்து வந்த இழுவைப் படகுகள். அது அவளுக்கும் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினோம்.

சிலோன்காரி என்று தெரிந்ததும் இங்கே எல்லோரும் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "உங்க நாடு ஏன் திவாலாச்சு?" கேட்பார்கள், நான் வாயைத் திறக்குமுன் பதிலையும் சொல்லிவிடுவார்கள். பஸ் கண்டக்டருக்கு அது சீனாக்காரனின் சதி. கம்பெனி மேற்பார்வையாளருக்கு இலவசம் கொடுத்த பாவம். ஒரே குடும்பம் ஆண்டதுதான் காரணம் என்றார் தேநீர்க் கடையில் ஒருவர். உரத்தை நிறுத்தியதுதான் என்றார் பக்கத்தில் இருந்தவர், அவர் சாயல்குடிப் பக்கம் மிளகாய் போடுகிறவர். கீழக்கரையிலிருந்து வந்து துணி விற்கும் பாய், "எங்க வாப்பா கொழும்புல யாவாரம் பண்ணுனவுக. அப்பவே சொல்லுவாக, அந்த ஊருல எல்லாமே கப்பல்ல வந்து எறங்குதுன்னு," என்று பெருமூச்சு விட்டார். நான் எல்லோருக்கும் தலையாட்டினேன். எனக்கென்று ஒரு பதில் இருந்தது: ஆண்டவர்கள் கெடுத்தார்கள், நாங்கள் பட்டோம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகம் இல்லாதிருப்பது ஒருவிதத்தில் ஆறுதலாகவும் இருந்தது.

இப்படியிருக்க, தங்கச்சிமடத்தில் கோயில் திருவிழா வந்தது. திருவிழாவுக்கு மகளிர் குழு ஒரு பட்டிமன்றம் வைத்தது. பட்டிமன்றம் என்பதை ஊரில் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். இங்கே அது கல்யாணவீடு மாதிரி. இரண்டு பேர் சேர்ந்தால் அணி பிரித்து வாதாடத் தொடங்கிவிடுவார்கள். தலைப்பு: 'ஒரு நாடு கடனில் மூழ்கப் பெரிதும் காரணம் ஆள்பவர்களா, மக்களா?' ஜெபமேரி நண்டு உரித்தபடியே சொன்னாள்:

"அக்கா, உம் பேரையும் குடுத்துட்டேன். திவாலான நாட்டுலருந்து வந்த ஆளு பேசுனாத்தான் கூட்டம் கேக்கும்."

"என்னைக் கேக்காமலோ?"

"கேட்டா மாட்டேம்ப. அதான்."

சரி, ஆண்டவர்களைப் பற்றிப் பேச எனக்கு நிறைய இருக்கிறதே என்று மனதைத் தேற்றினேன். அதற்குப் பிறகுதான் அவள் மிச்சத்தைச் சொன்னாள். ஆள்பவர்கள் அணியில் இடம் இல்லை. அதில் மூன்றாவது ஆள் அவளே. மக்கள் அணிக்கு ஆள் கிடைக்கவில்லை, யாரும் வர மறுத்தார்கள், அதனால் என் பெயரை அதில் போட்டுவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. "எங்கட சனம் வரிசையில நிண்டு செத்தது. அந்தச் சனத்தையே நான் குற்றம் சொல்லுறதோ? எங்கட தலையில விழுந்த குண்டுக்குப் பட்ட கடனையும் எங்கட பேரிலதான் எழுதியிருக்கிறாங்கள், தெரியுமோ உங்களுக்கு?" என்றேன். நான் அவ்வளவு நீளமாக அவளிடம் கதைத்ததே இல்லை. அவள் கையை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"இம்புட்டு இருக்கா உன்கிட்ட? அப்ப நீ எந்தப் பக்கம் நின்னாலும் பேசுவ," என்றாள்.

வேண்டாம் என்று விட்டிருக்கலாம். ஆனால் வீட்டில் அப்போது நிலைமை நல்லதாக இல்லை. அன்ரன் கூலி வேலைக்குப் போவார், வருவார், முகாம் வாசலில் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். டிலக்சி இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்ந்து முதல் மூன்று பேருக்குள் வரத் தொடங்கியிருந்தாள். அவரோ எதையும் கேட்கவும் மாட்டார், சொல்லவும் மாட்டார். ஊரிலிருந்து அவருடைய தங்கை பேசி, மண்ணெண்ணெய் இப்போது தாராளமாகக் கிடைக்கிறது, வள்ளம் அப்படியே இருக்கிறது என்றால், "அந்த நாடு முடிஞ்சுது. அவங்கள் முடிச்சிட்டாங்கள்," என்று போனை என்னிடம் தந்துவிடுவார். பட்டிமன்றம் என்றதும் மகள் துள்ளினாள். அவரும் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கண்டு வெகு நாளாகியிருந்தது. அதற்காகவே ஒப்புக்கொண்டேன்.

பேச்சைத் தயாரிக்க உட்கார்ந்தபோது ஒன்றும் வரவில்லை. எதிரிக்கு வக்காலத்து வாங்குவது போலிருந்தது. கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே இடத்துக்குப் போனேன்: சங்கக் கடை. கண்ணை மூடி அலுமாரித் தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பால்மா நியூசிலாந்து. பருப்பு வெளிநாடு. கோதுமை மா வெளிநாடு. டின் மீன் வெளிநாடு. டின் மீனில் வந்து நின்றுவிட்டேன். எங்கள் கடை வாசலில் நின்றால் கடல் தெரியும். அந்தக் கடையில் நான் ஒவ்வொரு நாளும் டின் மீன் விற்றேன், எங்கள் ஊர்க் கடற்காரரின் பெண்சாதிமாருக்கு. ஏன் என்று நானும் நினைக்கவில்லை, வாங்கியவர்களும் நினைக்கவில்லை. இன்னொரு நாளும் நினைவுக்கு வந்தது. தேர்தல் முடிந்து வரிகளைக் குறைத்த காலம். எங்கள் பக்கத்தில் அந்த ஆட்சிக்கு வாக்குப் போட்டவர்கள் குறைவு. ஆனாலும் விலை இறங்கியதும் கடையில் எல்லோருக்கும் சந்தோசம். வரியைக் குறைத்தால் அரசாங்கம் எதை வைத்துக் கடன் கட்டும் என்று ஒரு சனம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, விலைப் பலகையைத் துடைத்துப் புது விலை எழுதினேன். இதையெல்லாம் நினைக்க நினைக்க எனக்குப் பயமாக இருந்தது. பொய்யாகப் பேசப் போகிறேன் என்று நினைத்தேனே, இதில் உண்மையும் கிடக்கிறதே என்ற பயம்.

திருவிழாப் பின்னேரம் கோயில் முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்திருந்தன. பின்வரிசையில் ஆண்கள், கடலுக்குப் போகாத நாள். அன்ரனும் டிலக்சியும் ஓரமாக இருந்தார்கள். நடுவர், இராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் படிப்பிக்கும் பேராசிரியை. எனக்கு முன் பேசியவர்கள் எல்லாம் கைதட்டு வாங்கினார்கள். என் முறை வந்ததும் "மெட்டில்டா அவர்கள்" என்று கூப்பிட்டார்கள். எழும்பிப் போய் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றேன்.

கடையைப் பற்றிச் சொன்னேன். பால்மாவையும் பருப்பையும் சொன்னேன். விலைப் பலகையைத் துடைத்த நாளைச் சொன்னேன். கூட்டம் அமைதியாகக் கேட்டது. "எங்கட ஊர் கடலுக்கு நடுவில இருக்கிற தீவு. அங்க நான் அதிகம் வித்த சாமான் என்ன தெரியுமோ? சீனாவில இருந்து வந்த டின் மீன்," என்றேன். பின்வரிசையில் ஒருவர் உரக்கச் சிரித்தார்.

"கடலுக்குள்ள குடியிருந்துக்கிட்டு டின்னு மீனா? ஏன், உங்க கடல்ல மீனு இல்லையா?"

நான் யோசிக்கவில்லை. "எப்பிடி இருக்கும்? இங்கயிருந்து வாற இழுவைப் படகுகள் எங்கட வலையையும் அறுத்து, மீனையும் குஞ்சையும் வழிச்சுக்கொண்டு போனால் எப்பிடி இருக்கும்?" என்றேன்.

சொன்ன பிறகுதான் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்தது. சிரித்தவரின் முகம் மாறிவிட்டது. எங்கோ கொடிக் கயிறு மரத்தில் தட்டுவது மட்டும் கேட்டது. அங்கிருந்தவர்களில் எத்தனையோ பேரின் அண்ணன் தம்பிகள் எங்கள் நாட்டுச் சிறையில் இருந்தார்கள், அல்லது இருந்துவிட்டுத் திரும்பியிருந்தார்கள். நான் அவர்கள் ஊரில் ஒட்டிக்கொண்டிருக்கும் அகதி. ஒருவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். டிலக்சி அப்பாவின் கையைப் பிடிப்பதைக் கண்டேன். பேசாமல் இறங்கிவிடலாம் என்று நினைத்தேன், இறங்கவில்லை. தயாரித்து வைத்திருந்த கடைசி வசனத்தைத் தட்டுத் தடுமாறிச் சொன்னேன்: "நாங்களும் சேர்ந்துதான் கெடுத்தம். அதாலதான், நாங்களும் சேர்ந்தால் திருத்தலாம் எண்டு நம்பலாம். ஆண்டவங்கள் மட்டும்தான் காரணமெண்டால், இனியும் அவங்களைப் பாத்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான்." ஒருவரும் கைதட்டவில்லை. போய் உட்கார்ந்தேன்.

அடுத்தது ஜெபமேரி. அவள் ஒலிவாங்கியைச் சரிசெய்து, சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகினாள்.

"நடுவர் அவர்களே, எதிரணிச் சகோதரி இப்ப ஒரு வார்த்தை சொல்லிப்புட்டாக. கீழ உக்காந்திருக்க உங்களுக்குச் சுருக்குன்னு இருக்கும். எனக்கும் இருந்துச்சு. எம் புருசன் அவுக நாட்டுச் செயில்ல கெடந்துட்டு வந்தவரு. ஆனா அவுக சொன்னது பொய்யின்னு இங்கன யாராச்சும் எந்திரிச்சுச் சொல்லுங்க பாப்போம்."

எழும்பி நின்றவர் அப்படியே நின்றார்.

"யாரும் சொல்ல மாட்டீக. எங்க மாமனாரு காலத்துல இந்த ஊருல பாய்மரந்தான். இழுவை மடி வலை எங்கருந்து வந்துச்சு? மானியம் தாரோம், லோன் தாரோம், எறாலப் புடிச்சு வெளிநாட்டுக்கு அனுப்பு, டாலரு வரும்னு சொன்னது யாரு? சர்க்காரு. நாமளும் வாங்குனோம். நம்ம கடல அரிச்சு முடிச்சாச்சு. அப்பறம் லோனுக்கு வட்டி கட்டணுமே, எல்லையத் தாண்டுறோம். அங்கன இவுக வலை அறுகுது. இவுக நேவி நம்ம படகப் புடிக்குது. இவுகளும் கடங்காரி, நானும் கடங்காரி. வந்த டாலரு யாரு வீட்டுக்குப் போச்சு? அதை மட்டும் இந்த எதிரணிச் சகோதரி சொல்லட்டும், நான் எறங்கிப் போறேன்."

கைதட்டு அடங்க வெகுநேரம் சென்றது. எழும்பியவர் உட்கார்ந்து அவரும் தட்டினார். நானும் தட்டினேன், எதிரணி தட்டக்கூடாது என்று பக்கத்தில் இருந்தவள் என் கையைப் பிடித்தாள். இரண்டு வருடமாக நண்டு மேசையில் நாங்கள் இரண்டு பேரும் விழுங்கி வைத்திருந்ததை அவள் ஊருக்கு முன்னால் எடுத்துப் போட்டுவிட்டாள். எனக்கு நெஞ்சு இலேசாகிப் போனது.

பேராசிரியை தீர்ப்புச் சொன்னார். நாடு கடன் வாங்குவது தப்பே இல்லை என்றார். டாலரில் வாங்கிய கடனை டாலர் கொண்டு வராத வேலைகளில் போட்டதும், வருமானத்தைக் கூட்டாமல் பழைய கடனைக் கட்டப் புதுக் கடன் வாங்கியதும், உள்ளே வரும் பொருளுக்கும் வெளியே போகும் பொருளுக்கும் உள்ள இடைவெளியை வருடக்கணக்கில் கவனிக்காததும் சேர்ந்துதான் முறித்தது என்றார். தொற்றுநோய்க் காலம் வந்து சுற்றுலாவை நிறுத்தியதும், ஏற்கனவே சாய்ந்திருந்த சுவர் விழுந்தது. இந்த முடிவுகளை எடுக்கும் கை ஆள்பவர்களுடையது, ஆகவே அவர்களே பெரிதும் காரணம். ஆனால் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காத வாய் மக்களுடையது என்பதையும் மறுப்பதற்கில்லை என்றார். ஜெபமேரி அணிக்கு ஆளுக்கொரு குக்கர். எங்களுக்கு எவர்சில்வர் தட்டு.

கூட்டம் கலைந்தபோது சேசுராஜ் அன்ரனிடம் வந்தார். நான் பயந்துபோய்க் கிட்டப் போனேன்.

"அண்ணே, உங்க ஊரு செயில்ல காலைல பாணும் பருப்பும் குடுப்பாக," என்றார் அவர். "மொதல்ல தொண்டைக்குள்ள எறங்கல. இப்ப வீட்ல இட்லி திங்கிறப்ப அந்தப் பாண் ஞாவகம் வருது. இங்கன எங்க கெடைக்கும்?"

அன்ரன் சிரித்துவிட்டார். "நானும் வந்த நாளில இருந்து தேடுறன்," என்றார். பிறகு இரண்டு பேரும் கடைக்குப் போய்த் தேநீர் குடித்தார்கள். நானும் ஜெபமேரியும் பக்கத்தில் நின்றோம். சேசுராஜ் கண்ணாடிக் குவளையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: "உங்க வலையையும் நான் அறுத்திருப்பேன்ணே. இருட்டுல யாரு வலைன்னு தெரியாது."

"நானும் உங்கட படகைக் கண்டால் நேவிக்கு அறிவிக்கிற ஆள்தான்," என்றார் அன்ரன்.

பிறகு சேசுராஜ் தன் மச்சானின் நாட்டுப்படகில் இப்போது போவதையும், இழுவைக்கு இனிப் போவதில்லை என்பதையும் சொன்னார். அன்ரன் எந்த வலை, எந்த ஆழம் என்று கேட்கத் தொடங்கினார். இங்கே வந்தபின் அவர் கடலைப் பற்றி ஒருவரிடம் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வரும் வழியில் அவர் சட்டென்று, "நான் ஊருக்குப் போகப்போறன்," என்றார். நான் நின்றுவிட்டேன்.

"நாடு முடிஞ்சுது எண்டு சொன்னது நீங்கள்தானே?"

"நீதானே மேடையில சொன்னனீ. நாங்களும் சேர்ந்தால் திருத்தலாமெண்டு."

"அது பட்டிமன்றத்துக்குச் சொன்னது! கடைசியில கைதட்டு வாங்கச் சொன்ன வசனம்."

"கைதட்டுக் கிடைக்கேல்லையே," என்றார். "ஆனால் எனக்கு விளங்கினது. அவங்கள் கெடுத்தவங்கள், அவங்கள் திருத்தட்டும் எண்டு நான் மரத்துக்குக் கீழ இருந்தால் வள்ளம் உக்கிப்போகும். எண்ணெய் இருக்கு. கடல் இருக்கு. போய்ப் பாக்கிறன். சங்கத்திலயும் இருக்கிறன், இந்த முறை கணக்கைக் கேக்கிறன்."

நான் சண்டை பிடித்தேன், அழுதேன். டிலக்சியின் பிளஸ் டூவைக் காட்டினேன். அவர் அதற்கும் யோசித்து வைத்திருந்தார்: மகள் சோதனை முடிக்கும்வரை நாங்கள் இங்கே, அவர் போய் வள்ளத்தைத் திருத்தி, தொழில் ஓடுகிறதா என்று பார்ப்பார், ஓடினால் பிறகு எல்லோரும் சேர்ந்து முடிவெடுப்பது. நான் நம்பாமல் சொன்ன ஒரு வசனத்தை என் மனிதர் நம்பிவிட்டார். அதற்கு மேல் நான் எந்தப் பக்கம் நின்று வாதாடுவது?

அனுமதிகள் கிடைக்க மாதங்கள் பிடித்தன. எதிரே கிடக்கிற கரைக்குப் போக அவர் திருச்சிக்குப் போய், விமானம் ஏறி, கொழும்பில் இறங்கி, அங்கிருந்து நாள் முழுக்கப் பஸ்ஸில் மன்னாருக்குப் போனார். அன்று கள்ளமாய்ப் படகேறி நாட்டைவிட்டு வந்ததற்கு விசாரணை, நீதிமன்றம் என்று முதலில் அலைச்சல்தான். பிறகு வள்ளத்துக்குச் சாயம் அடித்துப் படம் அனுப்பினார். சங்கக் கடையில் அலுமாரி நிறைந்திருக்கிறதாம், விலைதான் கையைச் சுடுகிறதாம். ஆனால் கூட்டத்தில் இப்போது எல்லோரும் எழும்பிக் கேள்வி கேட்கிறார்களாம்; கூட்டம் முடிய நேரமாகிறது என்று தலைவர் முறைப்பாடு செய்கிறாராம். ஜெபமேரியிடம் சொன்னேன். "பாத்தியா, நீ தோத்தது வீணாப் போகல," என்றாள். அவளுக்கு நான் பாண் செய்யப் பழக்கினேன், பேக்கரிக்காரர் ஒருவரின் போறணை அடுப்பில். மேலோடு கருகிப்போன முதல் பாணைச் சேசுராஜ் பருப்புக் கறியோடு முழுவதும் சாப்பிட்டார். செயிலில் இதைவிட நன்றாயிருந்தது என்றும் சொன்னார்.

இந்த மாதம் ஒரு காலை, சொல்லாமல் கொள்ளாமல் மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பியது. காற்றுக்கு மட்டும் இரண்டு கரையிலும் ஒரே பெயர். முகாமுக்குப் பின்னால் கடற்கரைக்கு ஓடினேன். தண்ணீர் வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. அன்ரன் விடிய முன்னரே போயிருப்பார். சேசுராஜும் போயிருப்பார். பேசாலைக்குப் போன் எடுத்தேன், அன்ரனின் தங்கைக்கு.

"மச்சாள், அவர் கரைக்கு வந்திட்டாரோ?"

"இன்னும் இல்லை மச்சாள். வள்ளங்கள் ஒண்டொண்டாய் வருகுது. பயப்பிடாதையுங்கோ."

பிறகு ஜெபமேரிக்கு.

"ஏ பிள்ள, அண்ணன் வந்துட்டாகளா?"

"வரலக்கா. ரெண்டு படகு வந்திருக்கு. நான் கரையிலதான் நிக்கேன்."

இரண்டு பேருக்குமாக ஒரே செபத்தைச் சொன்னேன். மாதாவுக்கு எந்தக் கரை என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வெயில் ஏறியபின் முதலில் வந்தது ஜெபமேரியின் அழைப்பு. "வந்துட்டாக, வந்துட்டாகக்கா! நனஞ்ச கோழி மாதிரி நிக்கிறாரு," என்று கத்தினாள். நானும் அவளோடு சேர்ந்து கத்தினேன், சிரித்தேன், எந்த வலை, மீன் ஏதும் உண்டா என்று கேட்டேன். போனை வைத்ததும் மறுபடி மணி அடித்தது. அன்ரனின் எண்.

"வந்துட்டீகளா?" என்றேன் நான்.

அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் காற்று மட்டும் இரைந்தது. பிறகு அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"ஆரது கதைக்கிறது? எந்த ஊர்ப் பொம்பிளை நீ?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. காற்று சேலையை இழுக்க, எதிரே அவர் நிற்கும் திசையைப் பார்த்தபடி, "இங்கனதான் நிக்கிறன்," என்றேன்.